ரணசிங்க பிரேமதாச (1924 – 1993)

ஜனசவிய என்ற சொல்லை உங்கள் பெற்றோர் கூறக் கேட்டிருப்பீர்கள். அதை ஆரம்பித்தவரைப் பற்றி இங்கு பார்ப்போம்.

பிரேமதாச 1924 ஜூன் 23 இல் கொழும்பில் பிறந்தார். சனநெருக்கடி மிக்க வாழைத்தோட்டம் பகுதியில் வளர்ந்தார். இளவயதிலேயே அயற்சிறுவர்களைச் சேர்த்து சுசரித இயக்கத்தை நடத்தினார். 1950 இல் மாநகர சபை உறுப்பினர், 1978 இல் பிரதமர், 1989 ஜனவரி 2 இல் ஜனாதிபதி. அதுவரை இப்பதவிகளைப் பெரும்பாலும் செல்வாக்குள்ள குடும்பத்தினரே வகித்தனர்.

1979 இல் வந்த உணவு முத்திரையின் பெறுமதி ரூபாயில் நிலையாக இருந்தது, விலைகளோ ஏறின. முத்திரை குறையவில்லை, பிள்ளையின் கோப்பையில் சோறுதான் குறைந்தது. இதைக் கவனமாக விளங்கிக்கொள்ளுங்கள். பணவீக்கம் பற்றிய வினாவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

1989 இல் பிரேமதாச ஜனசவிய திட்டத்தைத் தொடங்கினார். தெரிவான குடும்பத்துக்கு மாதம் 2,500 ரூபா, இரண்டு வருடங்களுக்கு. இதில் 1,458 ரூபா நுகர்வுக்கு. மீதி 1,042 ரூபா சேமிப்பில். 24 ஆல் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 25,000 ரூபா வரும். அந்நாளில் ஒரு மீனவக் குடும்பம் வலை வாங்கித் தொழிலை நிமிர்த்தப் போதுமான முதல். ஆனால் பசித்த பிள்ளை சேமிப்பைச் சாப்பிட முடியாது. இந்தப் பங்கீடு சரியா என்று நீங்களே யோசியுங்கள். அத்துடன் திட்டம் சுற்றுச் சுற்றாகவே நடைமுறைக்கு வந்ததால் பல ஏழைகள் காத்திருந்தனர்.

எமது மன்னாரின் கதை வேறு. 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டது. அதே வருடம் ஒக்டோபரில் முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். ஏனையோரில் பலர் மடுவிலும், படகேறித் தமிழ்நாட்டிலும் தஞ்சமடைந்தனர். அங்கே சேமிப்பு என்ற பேச்சுக்கு இடமேது? பிள்ளைகள் நிவாரண உணவில் வளர்ந்தனர்.

பாடசாலை மதிய உணவு (1989), இலவசச் சீருடை (1993) ஆகியனவும் இவரது காலத்தவையே. குடும்பத்துக்குக் கொடுக்கும் பணம் கடனுக்கும் போகலாம். சீருடை பிள்ளையின் உடலிலேயே ஏறும். என் பார்வையில் இவரது பணிகளுள் நீடித்தது இதுவே. அதேவேளை, தெற்கில் கிளர்ச்சி அடக்கப்பட்ட விதத்துக்காக இவரது ஆட்சி கடும் விமர்சனத்துக்கு உள்ளானதையும் எழுத மறவாதீர்கள்.

1993 மே 1 இல், கொழும்பில் மே தின ஊர்வலத்தின்போது தற்கொலைக் குண்டுத் தாக்குதலில் கொல்லப்பட்டார். ஜனசவியவின் இடத்தை 1995 இல் சமுர்த்தியும், 2023 இல் அஸ்வெசுமவும் பிடித்தன.