யார் இந்த ஜோசபின் பட்லர்? பெண்கள் மீதான வன்முறைக்கு எதிராக நாடுகளை இணைத்தவரின் கதை!

வெளிநாட்டில் வேலை என்று ஆசை காட்டி அழைத்துப் போவது, போன இடத்தில் அடைத்து வைப்பது. ஆட்கடத்தல் செய்திகளில் நாம அடிக்கடி படிக்கிற விஷயம்தான் இது. இந்த மாதிரி வழக்குகளில் இரண்டு நாட்டுப் பெண்கள் அமைப்புகளும் தகவல் பரிமாறிக்கொண்டு வேலை செய்வது இன்றைக்கு வழக்கமாகிவிட்டது. ஆனா, பெண்களுக்கு ஓட்டுரிமையே இல்லாத காலத்தில் இதற்கு அஸ்திவாரம் போட்டவர்களில் முக்கியமானவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் ஜோசபின் பட்லர். இங்கிலாந்தின் துறைமுக ஊர்களில் தொடங்கிய அவரது போராட்டத்துக்கும் நம்ம பரங்கிமலைக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு. எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

அடிமை ஒழிப்பு பேசிய வீடு

1828 ஏப்ரல் 13-ம் தேதி, வடக்கு இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் பகுதியில் பிறந்தவர் ஜோசபின். அப்பா ஜான் கிரே, பெரிய பண்ணை நிலங்களை நிர்வகித்தவர். அடிமை முறையைக் கடுமையாக எதிர்த்தவர். பிரிட்டிஷ் பேரரசில் அடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1833-ல் வந்தபோது பிரதமராக இருந்த ஏர்ல் கிரே, இந்தக் குடும்பத்துக்கு உறவினர். மனிதரை மனிதர் சொத்தாக வைத்திருப்பது பாவம் என்ற பேச்சைக் கேட்டே வளர்ந்தார் ஜோசபின்.

1852-ல் ஜார்ஜ் பட்லர் என்ற கல்வியாளரைத் திருமணம் செய்துகொண்டு ஆக்ஸ்போர்டில் குடியேறினார். அங்கேதான் அவருக்கு முதல் அதிர்ச்சி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஒருவர், ஓர் இளம்பெண்ணை ஏமாற்றிக் கைவிட்டார். அந்தப் பெண் தன் பச்சிளம் குழந்தையைக் கொன்ற குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். ஏமாற்றியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இதைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது என்று படித்தவர்களே ஒதுங்கிக்கொண்டார்கள். பட்லர் தம்பதி என்ன செய்தார்கள் தெரியுமா? தண்டனை முடிந்ததும் அந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டிலேயே வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள்.

மகளை இழந்த பிறகு

ஜோசபினுக்கு மூன்று மகன்கள், ஒரே மகள். 1864-ல் அந்த மகள் ஈவா, வீட்டு மாடிப்படியின் மேலிருந்து விழுந்து இறந்துபோனாள். வயது ஐந்து. அந்தத் துக்கத்திலிருந்து ஜோசபினால் மீளவே முடியவில்லை.

1866-ல் கணவருக்கு லிவர்பூலில் கல்லூரி முதல்வர் வேலை கிடைத்தது. துறைமுக நகரம் அது. தன்னைவிடப் பெரிய வலியில் இருப்பவர்களைத் தேடி, ஏழைகளுக்கான அரசு விடுதிக்குப் போனார் ஜோசபின். பழைய கப்பல் கயிறுகளைப் பிரித்து நாராக்கும் கொட்டடியில், நூற்றுக்கணக்கான பெண்கள் தரையில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். இவரும் அவர்களோடு உட்கார்ந்து கயிறு பிரிக்கத் தொடங்கினார். பேச்சு வளர்ந்தது. நோயோடும் பசியோடும் தெருவில் நின்ற பெண்களைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தார். வீட்டில் இடம் போதாதபோது அவர்களுக்காகத் தனி இல்லம் தொடங்கினார்.

ஒரு சட்டம்... ஒரு பக்கத்துக்கு மட்டும்!

இந்த நேரத்தில்தான் தொற்று நோய்ச் சட்டங்கள் வந்தன. 1864, 1866, 1869 என மூன்று முறை பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இவற்றை நிறைவேற்றியது. ராணுவத்திலும் கடற்படையிலும் பால்வினை நோய் பரவுவதைத் தடுப்பதுதான் நோக்கம் என்றது அரசு.

நடைமுறை எப்படி இருந்தது? ராணுவ முகாம்களும் துறைமுகங்களும் உள்ள ஊர்களில், சாதாரண உடையில் போலீஸார் சுற்றுவார்கள். ஒரு பெண் பாலியல் தொழிலாளி என்று அவர்களுக்குச் சந்தேகம் வந்தாலே போதும். அந்தப் பெண் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு வர வேண்டும். மறுத்தால் சிறை. நோய் இருப்பது தெரிந்தால், லாக் ஹாஸ்பிடல் எனப்படும் பூட்டிய மருத்துவமனையில் மாதக்கணக்கில் அடைத்து வைக்கலாம். 1869 சட்டப்படி அது ஒன்பது மாதம் வரை நீளலாம்.

இதில் கொடுமை என்னன்னா, ஆண்களுக்கு இந்தப் பரிசோதனை கிடையாது. நோய் இரண்டு பேரிடமும் இருக்கலாம். பூட்டு மட்டும் ஒருவருக்குத்தான். ஒரு பெண்ணின் சம்மதம் இல்லாமல் உலோகக் கருவியால் அவரது உடலைச் சோதிப்பது, சட்டத்தின் பெயரில் நடக்கும் வன்முறை என்று ஜோசபின் வெளிப்படையாகச் சொன்னார். அந்தக் காலத்தில் கண்ணியமான குடும்பத்துப் பெண்கள் வாயில் வரவே கூடாத பேச்சு இது.

மேடைக்கு வந்த பெண்கள்

1869 இறுதியில் இந்தச் சட்டங்களை ரத்து செய்யக் கோரி பெண்களுக்கென்றே ஒரு தேசியச் சங்கம் உருவானது. தலைமை, ஜோசபின். 1870 தொடக்கத்தில் அந்தச் சங்கத்தின் அறிக்கை செய்தித்தாளில் வெளியானது. கையெழுத்துப் போட்டவர்களில் செவிலியர் பணிக்குப் பேர்போன ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலும், எழுத்தாளர் ஹாரியட் மார்ட்டினோவும் உண்டு.

எதிர்ப்பு சும்மா இருக்குமா? 1870-ல் கோல்செஸ்டர் இடைத்தேர்தலில், சட்டத்தை ஆதரித்த வேட்பாளருக்கு எதிராகப் பிரசாரம் செய்யப் போனார் ஜோசபின். அவர் தங்கியிருந்த இடத்தை ஒரு கும்பல் முற்றுகையிட்டது. கடைசியில் தோற்றது அந்த வேட்பாளர்தான். 1872-ல் பாண்டிஃப்ராக்ட் என்ற ஊரில், வைக்கோல் போட்டு வைக்கும் பரணில் பெண்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தளத்தில் வைக்கோலுக்குத் தீ வைத்தார்கள். மேலே வழியை மறித்துக்கொண்டு ஆண்கள். எப்படியோ உயிர் தப்பினார் ஜோசபின். அடுத்த கூட்டத்துக்கும் போனார்.

கணவர் ஜார்ஜ் பாதிரியாராகவும் இருந்தவர். மனைவியின் போராட்டத்தால் தன் பதவி உயர்வு கெடும் என்று தெரிந்தும் கடைசிவரை உடன் நின்றார்.

எல்லை தாண்ட வேண்டியது ஏன்?

உள்நாட்டில் மட்டும் போராடினால் இது முடியாது என்பது ஜோசபினுக்கு விரைவிலேயே புரிந்தது. காரணம், இந்த முறை இங்கிலாந்தின் கண்டுபிடிப்பே இல்லை. பாரிஸில் நெப்போலியன் காலத்திலேயே போலீஸார் பெண்களின் பெயர்களைப் பதிவு செய்து, கட்டாயப் பரிசோதனை நடத்தும் ஏற்பாடு வந்துவிட்டது. அங்கிருந்து மற்ற நாடுகள் அதை எடுத்துக்கொண்டன. ஒரு நாட்டு அதிகாரிகள் அடுத்த நாட்டைக் காட்டித் தங்கள் சட்டத்தை நியாயப்படுத்தினார்கள். அதிகாரம் கைகோத்து நிற்கும்போது, எதிர்ப்பு மட்டும் தனித்தனியாக நின்றால் எப்படி?

1874 டிசம்பரில் கிளம்பிய ஜோசபின், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என்று குளிர்காலத்தில் சுற்றினார். பாரிஸில் இந்தப் பிரிவுக்குத் தலைமை வகித்த போலீஸ் அதிகாரியையே நேரில் சந்தித்தார். பெண்கள் அடைக்கப்பட்டிருந்த சிறைக்கும் போனார். ஒவ்வொரு ஊரிலும் ஆதரவாளர்களைத் திரட்டினார். 1875-ல் பல நாட்டவர் சேர்ந்த கூட்டமைப்பு பிறந்தது. பிறகு அது சர்வதேச ஒழிப்புக் கூட்டமைப்பு என்று அறியப்பட்டது. 1877-ல் ஜெனீவாவில் முதல் மாநாடு.

அந்த ஜெனீவா கூட்டத்தின் தொடர்ச்சியாக உருவான ஒரு பெண்கள் அமைப்பைப் பற்றி அவசியம் சொல்லணும். வேலை தேடி வேற்றூருக்கும் வெளிநாட்டுக்கும் போகும் இளம்பெண்களுக்காக வந்த சங்கம் அது. அதன் உறுப்பினர்கள் ரயில் நிலையங்களில் நிற்பார்கள். தனியாக இறங்கும் பெண்களுக்குத் தங்க நல்ல இடம் காட்டுவார்கள். ஏமாற்றுத் தரகர்கள் கையில் சிக்குவதற்கு முன்பே பிடித்துக் காப்பாற்றும் ஏற்பாடு!

பிரஸ்ஸல்ஸ் விவகாரம்

இந்த வலைப்பின்னலின் பலம் தெரிந்தது 1880-ல். அரசு உரிமம் பெற்ற பெல்ஜியத்தின் பாலியல் தொழில் விடுதிகளில், வயது குறைந்த இங்கிலாந்துச் சிறுமிகள் அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். பொய்யான பிறப்புச் சான்றுகள், மொழி தெரியாத ஊர், வெளியே வர வழியில்லை. ஜோசபின் இதை எழுத்தில் அம்பலப்படுத்தினார். பெல்ஜியத்தில் பெரும் பரபரப்பு. விடுதி நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பிரஸ்ஸல்ஸ் போலீஸ் தலைவரின் பதவியும் போனது.

இங்கிலாந்திலும் விசாரணைக் குழு அமைந்தது. 1885-ல் பெண்ணின் சம்மத வயது 13-லிருந்து 16-ஆக உயர்ந்தது. 1886-ல் தொற்று நோய்ச் சட்டங்கள் முழுமையாக ரத்தாயின. பதினாறு வருடப் போராட்டம்!

இந்தியாவில் நடந்தது என்ன?

சரி, பரங்கிமலைக்கு வருவோம். இங்கிலாந்தில் ரத்தான சட்டத்துக்கு இங்கேயும் ஒரு பிரதி இருந்தது. 1868-ல் இந்தியாவுக்கான தொற்று நோய்ச் சட்டம் வந்தது. கன்டோன்மென்ட் ஊர்களிலும் இதே முறைதான். சென்னை மாகாணத்தில் பரங்கிமலை, திருச்சி, வெலிங்டன் போன்ற படைவீரர்கள் இருந்த ஊர்களில் லாக் ஹாஸ்பிடல்கள் இயங்கின.

1886-ல் இந்திய ராணுவத் தலைமையிடமிருந்து ஒரு சுற்றறிக்கை போனது. படைப்பிரிவுகளுக்குப் போதுமான எண்ணிக்கையில், அழகான பெண்கள் இருப்பதை உறுதி செய்யச் சொன்னது அது. 1888-ல் விஷயம் வெளியே வந்ததும் லண்டன் கொந்தளித்தது. நாடாளுமன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. இந்தியச் சட்டம் ரத்தானது.

நிஜமாகவே நின்றுவிட்டதா? சோதித்துப் பார்க்க, ஜோசபினின் ஆதரவோடு எலிசபெத் ஆண்ட்ரூ, டாக்டர் கேத்தரின் புஷ்னெல் என்ற இரண்டு அமெரிக்கப் பெண்கள் 1891-ல் இந்தியா வந்தார்கள். வட இந்தியக் கன்டோன்மென்ட்களுக்கு நேரில் போய், நூற்றுக்கணக்கான பெண்களிடம் பேசினார்கள். பழைய முறை அப்படியேதான் தொடர்கிறது என்று லண்டன் விசாரணைக் குழு முன் 1893-ல் சாட்சி சொன்னார்கள். முதலில் மறுத்த தலைமைத் தளபதி லார்ட் ராபர்ட்ஸ், பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டி வந்தது. அமெரிக்கப் பெண்கள் விசாரித்து, இங்கிலாந்துப் பெண்கள் குரல் கொடுத்து, இந்தியப் பெண்களுக்கு இழைக்கப்பட்ட கொடுமையை வெளியே கொண்டுவந்த சம்பவம் இது. ஆனாலும் 1897-ல் ராணுவத்தில் நோய் அதிகம் என்ற காரணத்தைச் சொல்லிக் கட்டுப்பாடுகள் வேறு வடிவில் திரும்பின.

விமர்சனங்களும் உண்டு

ஜோசபினை வரலாற்று ஆய்வாளர்கள் கேள்வியும் கேட்கிறார்கள். கன்டோன்மென்ட் பெண்களின் வாக்குமூலங்கள் அறிக்கைகளில் நிறைந்திருந்தன. ஆனா, முடிவு எடுக்கும் மேசையில் ஓர் இந்தியப் பெண்ணுக்குக்கூட நாற்காலி இல்லை. அவர்களைக் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகத்தான் ஜோசபின் பார்த்தார், சேர்ந்து போராடும் தோழிகளாகப் பார்க்கவில்லை. பேரரசின் தவறுகளைக் கண்டித்தவர், பேரரசே கூடாது என்று சொன்னதில்லை. அதேபோல, பாலியல் தொழிலை முற்றாக ஒழிப்பதா, அதில் இருப்பவர்களின் உரிமைகளைப் பாதுகாப்பதா என்ற விவாதத்தில் இன்றைய பெண்கள் அமைப்புகளே இரண்டாகப் பிரிந்து நிற்கின்றன.

இன்று ஏன் முக்கியம்?

1890-ல் கணவரை இழந்த பிறகும் ஜோசபின் ஓயவில்லை. 1906 டிசம்பர் 30-ம் தேதி, பிறந்த நார்தம்பர்லேண்டிலேயே காலமானார். வயது 78. அந்த ஆண்டுதான் டென்மார்க் தன் ஒழுங்குமுறைச் சட்டத்தைக் கைவிட்டது. பிரான்ஸ் உரிமம் பெற்ற விடுதிகளை மூட 1946 ஆனது. இத்தாலிக்கு 1958. பெண்களைக் கடத்துவதற்கு எதிராக 1904-ல் தொடங்கிய சர்வதேச ஒப்பந்தங்கள், 1949-ல் ஐ.நா. உடன்படிக்கையில் வந்து சேர்ந்தன. எல்லாவற்றுக்கும் பின்னால், ஊர் ஊராகக் கடிதம் எழுதி வளர்த்த அந்தக் கூட்டமைப்பின் உழைப்பும் இருக்கிறது.

ஒரு நாட்டில் மூடிய கதவு அடுத்த நாட்டில் திறந்துகொள்ளும் என்பதை அனுபவத்தில் கற்றவர் ஜோசபின் பட்லர். இரண்டு பக்கமும் ஆள் நின்றால்தான் கடத்தலைத் தடுக்க முடியும். அவர் விட்டுப்போன வேலையும் ஒன்று இருக்கிறது. பாதிக்கப்பட்ட பெண்ணுக்காகப் பேசுவதோடு நிற்காமல், அவருக்கும் மேசையில் ஒரு நாற்காலி போட வேண்டும். அதைச் செய்ய வேண்டியது இன்றைய அமைப்புகள்தான்.