கதாபாத்திரத்துக்குத் துணி வெட்டிய அம்மையார்

பழைய ஆங்கிலப் படங்கள் பார்க்கும் பழக்கம் உள்ளவர்கள் எடித் ஹெட் என்ற பெயரை டைட்டிலில் எத்தனையோ தடவை பார்த்திருப்பார்கள். உடையலங்காரத்துக்காக எட்டு ஆஸ்கார் வாங்கிய அம்மையார் அவர். 35 முறை அந்தப் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். கல்லூரி நாடகக் குழுவில் தகரப் பெட்டியும் ஊசி நூலுமாக மேடைக்குப் பின்னாலேயே மூன்று வருஷம் ஓட்டியவன் நான். மலருக்கு ஒரு கட்டுரை கொடுங்கன்னு கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது இவர்தான்.

1897 அக்டோபர் 28-ஆம் தேதி கலிபோர்னியாவில் சான் பெர்னார்டினோ என்ற ஊரில் பிறந்தார். சிறு வயது நெவாடாவின் சுரங்க ஊர்களில் கழிந்தது. படித்தது பிரெஞ்சு மொழி. 1919-இல் பெர்க்லியில் பட்டம், மறு வருஷம் ஸ்டான்ஃபோர்டில் எம்.ஏ. பிறகு பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. அங்கே ஓவியமும் சொல்லித்தர வேண்டியிருந்ததால், ஓவியப் பள்ளியில் போய்ச் சேர்ந்து தானும் கற்றுக்கொண்டார்.

1924-இல் பாரமவுண்ட் ஸ்டூடியோவுக்கு உடை வரையும் ஆள் தேவை என்று தெரிந்து விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குக் கொண்டுபோன படங்கள் ஓவிய வகுப்புத் தோழர்கள் வரைந்தவை! வேலை கிடைத்துவிட்டது. பின்னாளில் இந்தக் கதையை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உள்ளே நுழைந்தபின் பெரியவர்களுக்குக் கீழே இருந்து தொழிலைக் கற்று, 1938-இல் அந்த ஸ்டூடியோவின் தலைமை உடை வடிவமைப்பாளர் ஆனார்.

அழகான உடை தைக்க ஹாலிவுட்டில் ஆட்களுக்கா பஞ்சம்? இந்த அம்மாவின் தனித்தன்மை வேறு. நடிகைக்கு எது எடுப்பாக இருக்கும் என்பதோடு அவர் நிற்கவில்லை. அந்தக் கதையில் வருகிற பெண் எதை உடுத்துவாள், ஏன் உடுத்துவாள் என்று பார்த்தார்.

1949-இல் வந்த 'தி ஹெய்ரஸ்' படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒலிவியா டி ஹாவிலண்ட் பணக்கார டாக்டரின் மகள். கூச்ச சுபாவம், அப்பாவின் ஏளனத்தில் குன்றிப்போனவள். வீட்டில் பணம் இருக்கிறது, அதனால் துணி விலை உயர்ந்ததுதான். ஆனால் முதல் பாதியில் எந்த உடையும் அவள் உடம்பில் சரியாக உட்காராது. வேண்டுமென்றேதான் அப்படித் தைத்தார் எடித். ஏமாற்றப்பட்டு, மனசு இறுகி, தன் காலில் நிற்கிற பெண்ணாக அவள் மாறியபிறகு உடையும் கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது. எடித்தின் முதல் ஆஸ்கார் இந்தப் படத்துக்குத்தான்.

'ரோமன் ஹாலிடே' (1953) பலர் பார்த்திருப்பீர்கள். அரண்மனையிலிருந்து தப்பி வந்த இளவரசி ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பகுதிக்கு ஒரே பாவாடை, ஒரே சட்டைதான். ஆனால் கழுத்துப் பட்டன் திறக்கிறது, சட்டைக் கை மேலே சுருட்டப்படுகிறது, கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப் ஏறுகிறது. அவள் அனுபவிக்கிற சுதந்திரம் முழுக்க அந்தச் சட்டையிலேயே தெரியும். புதுத்துணி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை பாருங்க.

'வெர்டிகோ'வில் (1958) கிம் நோவாக்குக்குச் சாம்பல் நிற சூட் என்று இயக்குநர் ஹிட்ச்காக் முடிவு செய்தார். சான் பிரான்சிஸ்கோ மூடுபனியிலிருந்து நடந்து வந்தவள் மாதிரி அவள் தெரிய வேண்டும் என்பது எண்ணம். நடிகைக்கு அந்த நிறமே பிடிக்கவில்லை. எடித் இருவருக்கும் நடுவில் நின்று பேசி, அந்த சூட்டையே போட வைத்தார். உள்ளே இறுகிப்போன அந்தப் பாத்திரத்துக்கு நடிகையின் அசௌகரியமே துணையாகிவிட்டது.

தவறும் சில சமயம் கைகொடுக்கும். 'ஆல் அபௌட் ஈவ்' (1950) படத்தில் பெட்டி டேவிஸின் விருந்து உடை அளவு பிசகி, தோளில் நிற்காமல் நழுவியது. எடித் பதறிப்போனார். பெட்டி டேவிஸோ அதை இன்னும் கொஞ்சம் கீழே இழுத்துவிட்டு, தோளை ஒரு குலுக்குக் குலுக்கி, இதுவே சரி என்றுவிட்டார். திமிரும் தவிப்பும் கலந்த அந்த நாடக நடிகை பாத்திரத்துக்கு அப்படியே பொருந்திப் போனது.

இனி, மனசை உறுத்துகிற விஷயம். 'சப்ரினா' (1954) கதையில் கார் டிரைவர் மகள் பாரிஸ் போய் ஆளே மாறித் திரும்புகிறாள். அந்த மாற்றத்தைக் காட்டும் முக்கியமான உடைகள் நிஜமாகவே பாரிசிலிருந்து வந்தவை. ஜிவான்ஷி என்ற இளைஞர் வடிவமைத்தவை. ஆனால் டைட்டிலில் உடையலங்காரம் என்று வந்தது எடித் பெயர் மட்டும். ஆஸ்காரும் அவருக்கே. மேடையில் அதை வாங்கியபோது ஜிவான்ஷி பெயரை அவர் சொல்லவில்லை. ஸ்டூடியோ வழக்கம் அப்படி என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது போதவில்லை. ஒரு பாத்திரத்தின் மனசை ஒரு பட்டனில் காட்டத் தெரிந்தவருக்கு, இன்னொரு கலைஞரின் மனசு தெரியாமலா இருந்திருக்கும்? அவர் திறமையை மதிக்கிறேன். இந்த ஒரு மௌனத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

அவருடைய சொந்த உடை தெரியுமா? அடர் நிறத்தில் சாதாரண சூட், வட்டமான கறுப்புக் கண்ணாடி, நெற்றியில் வெட்டிவிட்ட முடி. அளவு பார்க்கும்போது நிலைக்கண்ணாடியில் நடிகைதான் தெரிய வேண்டும், தான் தெரியக் கூடாது என்று அப்படி உடுத்தினார்.

1967-இல் பாரமவுண்டை விட்டுவிட்டு யூனிவர்சல் ஸ்டூடியோவுக்குப் போனார். எழுபது வயது நெருங்கிவிட்டது. இனி என்ன என்று வீட்டில் உட்காரவில்லை. 'தி ஸ்டிங்' (1973) படத்துக்கு எட்டாவது ஆஸ்கார். 1981 அக்டோபர் 24-இல் மறைந்தார். அவர் கடைசியாக வேலை செய்த படம் அடுத்த வருஷம்தான் வெளிவந்தது.

இப்போது படிக்கிற தம்பி தங்கைகளே, அடுத்த நாடகத்துக்கு வாடகைக் கடைக்கு ஓடும் முன்னால் ஸ்கிரிப்டோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். இந்த ஆளிடம் எவ்வளவு காசு இருக்கும்? இந்தச் சட்டையை யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்? முதல் காட்சிக்கும் கடைசிக் காட்சிக்கும் நடுவில் இவனுக்குள் என்ன மாறியது? பதில் கிடைத்தால் பழைய வேட்டியே போதும். அப்புறம், அழைப்பிதழ் அச்சடிக்கும்போது உடை யோசித்தவர் பெயரோடு தைத்துக் கொடுத்த டெய்லர் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். ஒரு வரி கூடுவதால் அச்சுக்கூலி ஏறிவிடாது.