பட்டம் பெறாத அரசி

தொண்டைமான் மரபின் மார்த்தாண்ட பைரவர் புதுக்கோட்டையின் முழு ஆட்சிப் பொறுப்பை ஏற்ற 1894ஆம் ஆண்டிலேதான், கடல்கடந்த மெல்போர்ன் நகரில் எஸ்மி மேரி சாரெட் ஃபிங்க் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மோலி என்ற செல்லப் பெயரே பின்னாளில் உலகறிந்த பெயராயிற்று.

1915இல் ஆஸ்திரேலியா சென்றிருந்த மன்னர் மோலியைக் கண்டார், காதல் கொண்டார். ஆகஸ்டு 10ஆம் நாள் மெல்போர்னில் பதிவுத் திருமணம் நிகழ்ந்தது. மன்னர் நாற்பதை நெருங்கியவர். மணமகளோ இருபத்தொன்றை எட்டாதவர். பத்திரிகைகளுக்குச் சொல்லவும் வேண்டுமோ! மணமகளின் ஆடையும் அணியும் நிறமும் மதமும் பத்தி பத்தியாக அலசப்பட்டன. புகழ் என்பது ஒரு பெண்ணை அவளது விருப்பத்தைக் கேளாமலே வந்து சூழ்ந்துகொண்ட கதை இது.

அவ்வாண்டின் இறுதிப் பகுதியில் மோலி புதுக்கோட்டை மண்ணை மிதித்தார். மன்னரின் துணைவியை ஊர் வரவேற்றது. வரவேற்க மறுத்தது ஆங்கில அரசு. வெள்ளையினப் பெண் ஒருத்தி இந்திய மன்னருக்கு மனைவியாவதை அதன் ஆதிக்கப் பெருமிதம் பொறுக்கவில்லை. அரசிக்குரிய மரியாதைப் பட்டத்தை அவருக்கு வழங்க அது இசையவில்லை. அவர் வயிற்றில் பிறக்கும் பிள்ளையை வாரிசாக ஏற்கவும் அது முன்வரவில்லை. மக்கள் அரசியென மதித்தவரை அரசு ஆவணங்கள் அரசியென எழுதவில்லை. இந்த முரணில்தான் அவரது வாழ்வு முழுவதும் கழிந்தது.

கருவுற்றிருந்த வேளையில் அவருக்கு நஞ்சூட்டும் முயற்சியும் நடந்ததாகக் கருதப்பட்டது. 1916இல் இருவரும் ஊரைவிட்டு வெளியேறினர். அவ்வாண்டு ஜூலைத் திங்களில் சிட்னி நகரில் ஆண்மகவு பிறந்தது. மார்த்தாண்ட சிட்னி என்று பெயர். தந்தையின் பெயரும் பிறந்த ஊரின் பெயரும் அதில் ஒருங்கே அமைந்தன. அரியணை மட்டும் அமையவில்லை.

மனைவியையும் மகனையும் விட்டு அரசாள மன்னருக்கு மனமில்லை. 1922இல் அவருடைய தமையனார் ஆட்சிக்காவலராகப் பொறுப்பேற்றார். மன்னர் குடும்பம் பிரான்சு நாட்டின் கான் நகரில் குடியேறியது. அங்கே மோலி நாகரிக உலகின் நாயகி ஆனார். புகைப்படக் கலைஞர் செசில் பீட்டனும் அவரைப் படமெடுத்தார். பட்டம் தராத உலகம் படம் எடுக்க மட்டும் தயங்கவில்லை.

1928 மே 28ஆம் நாள் பாரிசு நகரில் மன்னர் மறைந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர ஆங்கில அரசு இசைவளிக்கவில்லை. இலண்டன் கோல்டர்ஸ் கிரீனில் எரியூட்டப்பட்டது. அரியணைக்கு ஆறு வயதுச் சிறுவர் இராஜகோபாலத் தொண்டைமான் தெரிந்தெடுக்கப்பட்டார். தந்தை மறைந்தபோது சிட்னிக்கு வயது பன்னிரண்டுகூட நிரம்பவில்லை.

அதன்பின் முப்பத்தொன்பது ஆண்டுகள் மோலி கைம்பெண்ணாக வாழ்ந்தார். 1948இல் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. அவருக்கு மறுக்கப்பட்ட பட்டத்தின் பின்னிருந்த அரசும் மறைந்தது. 1967 நவம்பரில் கான் நகரில் அவர் உயிர் நீத்தார். அவரது சாம்பல் கோல்டர்ஸ் கிரீனில் கணவரின் சாம்பலோடு சேர்த்து வைக்கப்பட்டது.