நினைவறைக்கு இலக்கணம் வகுத்த ஆலன் டூரிங்

நம் காலனி இல்லங்களில் வளரும் பிள்ளைகள் பலர் இன்று கணிப்பொறித் தொழிலை நாடிச் செல்கின்றனர். பிட், பைட், பஃபர் என்னும் சொற்கள் அவர்தம் பேச்சில் நாள்தோறும் புழங்குகின்றன. ஒன்று அல்லது சுழியம் என்னும் ஒற்றைக் குறி பிட். அத்தகைய எட்டுக் குறிகளின் தொகுதி பைட். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குச் செல்லும் செய்தி இடையே சிறிது தங்கிச் செல்லும் நினைவறை பஃபர். பைட் என்ற சொல் பிறப்பதற்கு முன்னரே, யந்திரத்தின் நினைவறை எத்தகையது, அதில் எவற்றை வைக்கலாம் என்று எண்ணித் தெளிந்த பெரியார் ஒருவர் இருந்தார். அவரே ஆலன் டூரிங்.

டூரிங் 1912-ஆம் ஆண்டு ஜூன் 23-ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். அவர் குடும்பத்துக்கும் தமிழ் மண்ணுக்கும் தொடர்பு உண்டு. தந்தை ஜூலியஸ் டூரிங் சென்னை மாகாணத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி. தாயார் எதெல் சாரா, கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். தாய்வழிப் பாட்டனார் மதராஸ் ரயில்வேயின் தலைமைப் பொறியாளராக விளங்கியவர். பெற்றோர் பணியின் பொருட்டு இந்தியாவுக்குத் திரும்பவே, ஆலனும் அவர் தமையனாரும் இங்கிலாந்தில் ஓய்வுபெற்ற கர்னல் ஒருவரின் இல்லத்தில் வளர்ந்தனர். பிழைப்பு ஓரிடம், பிள்ளைகள் ஓரிடம் என வாழ நேர்ந்தவர்களுக்கு அப்பிரிவின் துயரம் சொல்லாமலே விளங்கும்.

1926-இல் அவர் ஷெர்போர்ன் பள்ளியில் சேரவேண்டிய நாளில் இங்கிலாந்து முழுவதும் வேலைநிறுத்தம். ரயில்கள் ஓடவில்லை. சௌத்தாம்ப்டன் துறைமுகத்தில் கப்பலைவிட்டு இறங்கிய அப்பதின்மூன்று வயதுச் சிறுவர், சுமார் 60 மைல் தூரத்தைச் சைக்கிளிலேயே கடந்து பள்ளியை அடைந்தார். எடுத்த காரியத்தைத் தாமே, தம் வழியில் முடிக்கும் இயல்பு இறுதிவரை அவரிடம் நின்றது.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் கணிதம் பயின்று, 1935-இல் அக்கல்லூரியின் ஆய்வறிஞரானார். மறு ஆண்டு அவர் எழுதிய கட்டுரையே பின்னாளில் அவரை உலகறியச் செய்தது. கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்ட நீண்ட நாடா ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு கட்டத்தைப் படித்து, அதில் எழுதியோ அழித்தோ, அடுத்த கட்டத்துக்கு நகரும் யந்திரம் ஒன்று. எழுதிவைக்கத்தக்க விதிகளால் செய்யக்கூடிய கணக்கு எதுவாயினும் இந்த எளிய அமைப்பே செய்துவிடும் என்று அவர் காட்டினார். அதனினும் வியப்பானது அடுத்த படி. யந்திரம் பின்பற்ற வேண்டிய விதிகளையும் அதே நாடாவில் குறிகளாக எழுதிவிடலாம். அவற்றைப் படித்து நடக்கும் ஒரே யந்திரம் எல்லா யந்திரங்களின் வேலையையும் செய்யும்.

இதன் உட்பொருளைப் பல்லாங்குழி கொண்டு உணரலாம். குழியில் கிடக்கும் புளியங்கொட்டை தன்னளவில் வெறும் கொட்டையே. அது எந்தக் குழியில் கிடக்கிறது, எந்த ஆட்டத்தின் விதிப்படி எண்ணப்படுகிறது என்பதே அதற்குப் பொருள் தருகிறது. நினைவறையில் உள்ள குறியும் அவ்வாறே. எண்ணாகப் படித்தால் எண். எழுத்தாகப் படித்தால் எழுத்து. கட்டளையாகப் படித்தால் கட்டளை. இன்று 01000001 என்னும் ஒரு பைட்டை எண்ணாகக் கொண்டால் 65. ஆங்கில எழுத்தாகக் கொண்டால் முதல் எழுத்தாகிய ஏ.

இரண்டாம் உலகப் போர் மூண்டதும், 1939 செப்டம்பர் 4-ஆம் நாள் டூரிங் பிளெட்ச்லி பார்க்கில் பணியேற்றார். போலந்து நாட்டு அறிஞர்கள் முன்னரே இட்ட அடித்தளத்தின்மீது நின்று, ஜெர்மானியரின் எனிக்மா மறைமொழியை உடைக்கும் யந்திரத்தை அவர் வகுத்தார். நீர்மூழ்கிக் கப்பல்களை இயக்கிய கடற்படை மறைமொழியை உடைக்கும் பணிக்கும் தலைமை தாங்கினார். அட்லாண்டிக் கடலில் உணவும் தளவாடமும் ஏற்றிவந்த கப்பல்களின் உயிர் அப்பணியைச் சார்ந்திருந்தது. ஆயினும் அது அரச இரகசியமாகவே காக்கப்பட்டது.

போர் முடிந்தபின், 1945-இல் தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்து, ஏஸ் என்னும் கணிப்பொறிக்குத் திட்டம் தீட்டினார். ஐந்தடி நீளமுள்ள குழாயில் பாதரசம் நிரப்பி, அதனூடே ஒலித்துடிப்புகளைச் செலுத்தி, மறுமுனையில் பெற்று மீண்டும் முதல்முனைக்கே அனுப்பினால், துடிப்புகள் சுழன்றுகொண்டேயிருக்கும். அச்சுழற்சியே நினைவு. ஒரு குழாயில் 1,024 குறிகள் தங்கும். பெருங்கணக்கின் நடுவே சிறுகணக்கு ஒன்றைச் செய்துவர யந்திரத்தை அனுப்பினால், அது திரும்பவேண்டிய இடத்தை நினைவில் புதைத்துவைத்துப் பின்னர்த் தோண்டியெடுக்கவேண்டும் என்றும் அத்திட்டத்தில் வகுத்தார். இன்றைய நிரல்களும் அம்முறையிலேயே இயங்குகின்றன.

1948-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் சென்றார். அங்கே வில்லியம்ஸ், கில்பர்ன் ஆகியோர் அமைத்த கணிப்பொறியில், கண்ணாடிக் குழாயின் திரையில் மின்னூட்டப் புள்ளிகளாக நினைவு நின்றது. 40 குறிகள் கொண்ட ஒரு வரியில் ஓர் எண்ணையோ, 20 குறிகள் கொண்ட இரண்டு கட்டளைகளையோ வைக்கலாம். விரைவுடைய திரையின் இடம் சிறிது. மெதுவாக இயங்கும் காந்த உருளையின் இடம் பெரிது. உக்கிராண அறையில் உள்ள சரக்கை வேண்டும்போது வேண்டுமளவு அஞ்சறைப் பெட்டிக்கு மாற்றிக்கொள்ளும் இல்லத்தரசியைப் போல, உருளையிலிருந்து பக்கம் பக்கமாகத் திரைக்குக் கொணர்ந்து வேலை செய்தனர்.

அதில் நிரல் எழுதுவது எளிதன்று. தந்தி அச்சுப் பொறியின் முறைப்படி ஐந்தைந்து குறிகளை ஓர் எழுத்தாக்கி, 32 எழுத்துகளால் எல்லாவற்றையும் எழுதவேண்டும். சிறிய இலக்கம் இடப்புறம், பெரிய இலக்கம் வலப்புறம். சுழியத்துக்குச் சாய்கோடு. டூரிங் இம்முறையிலேயே நேராக எண்ணிப் பழகினார். அக்கணிப்பொறிக்கான கையேட்டையும் அவரே 1951-இல் எழுதினார். யந்திரத்தின் ஒவ்வொரு குறியையும் அறிந்தவனே அதை ஆளமுடியும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய நெறி.

அந்நெறியை மறந்தால் விளைவது என்ன என்பதை 1988 நவம்பரில் உலகம் கண்டது. 512 பைட் மட்டுமே கொள்ளும் பஃபர் ஒன்றில், அளவு பாராமல் செய்தியை ஏற்றுக்கொண்டது ஒரு நிரல். எல்லை கடந்து வழிந்த எழுத்துகள் அடுத்த நினைவறைகளில் புகுந்தன. யந்திரம் அவற்றைக் கட்டளையாகக் கொண்டு கீழ்ப்படிந்தது. அவ்வழியே புகுந்த நிரல் பல்லாயிரம் கணிப்பொறிகளை அலைக்கழித்தது. செய்திக்கும் கட்டளைக்கும் நினைவறையில் வேற்றுமை இல்லை என்ற டூரிங்கின் உண்மை, வலிமை தருவது போலவே விழிப்பையும் வேண்டுவது.

1952-இல் மற்றோர் ஆடவருடன் கொண்ட உறவுக்காக, அந்நாளைய சட்டப்படி டூரிங் குற்றவாளியெனத் தீர்ப்பாயிற்று. சிறைக்கு மாற்றாக ஹார்மோன் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டார். எந்த அரசுக்காகப் போர்க்காலத்தில் உழைத்தாரோ, அவ்வரசின் இரகசியப் பணிகளிலிருந்தும் விலக்கப்பட்டார். 1954 ஜூன் 7-ஆம் நாள் சயனைடு நஞ்சினால் உயிர் நீத்தார். வயது 41. தற்கொலை என்றது விசாரணை. தாயார் அதை விபத்தென்றே நம்பினார். போத்தனூரில் பிறந்த அவ்வன்னை 1959-இல் மகனின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். போர்க்காலத் தொண்டின் முழு விவரத்துக்கு அந்நூலில் இடமில்லை. 1970-களில்தான் அந்த இரகசியம் வெளிப்பட்டது.

டூரிங் மறைந்து இரண்டாண்டுகளுக்குப் பின், 1956-இல், பைட் என்ற சொல் பிறந்தது. 1966 முதல் கணிப்பொறித் துறையின் தலையாய பரிசு அவர் பெயரால் வழங்கப்பட்டு வருகிறது. 2009-இல் பிரிட்டிஷ் பிரதமர் அவருக்கு இழைத்த கொடுமைக்காக மன்னிப்புக் கோரினார். 2013-இல் அரசியார் தண்டனையை நீக்கினார். 2021 ஜூன் 23, அவர் பிறந்தநாளன்று, அவர் உருவம் பொறித்த 50 பவுன் நோட்டு வெளிவந்தது. அதில் வரையப்பட்ட நாடாவில் அவர் பிறந்த நாள், மாதம், ஆண்டு ஆகியவை ஒரே எண்ணாக, ஒன்றும் சுழியமுமாய் எழுதப்பட்டுள்ளன. மொத்தம் 25 குறிகள்; நான்கு பைட்டில் அடங்கிவிடும். படிக்கத் தெரிந்தவருக்கு அது ஒரு மாமனிதரின் பிறந்தநாள். நம் பிள்ளைகள் அதைப் படிக்கக் கற்றவர்களாக விளங்குவார்களாக.