ரூஃபஸ் போர்ட்டர்

ரூஃபஸ் போர்ட்டர் (மே 1, 1792 - ஆகஸ்ட் 13, 1884) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வீட்டுச் சுவரோவியர், உருவப்பட ஓவியர், கண்டுபிடிப்பாளர், இதழாசிரியர் ஆவார். சயன்டிஃபிக் அமெரிக்கன் என்னும் அறிவியல் இதழைத் தொடங்கியவர் என்றே இவர் பெரும்பாலும் அறியப்படுகிறார். எனினும் அவ்விதழ் இவருக்கு உரிமையாக இருந்தது ஓராண்டு கூட இல்லை. அதற்கு முன்னர் ஏறத்தாழ இருபது ஆண்டுகள், அமெரிக்காவின் வடகிழக்கு மூலையிலுள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் ஊர் ஊராகச் சென்று, வீடுகளின் உட்சுவர்களில் நிலக்காட்சிகளை வரைவதே இவரது முதன்மையான தொழிலாக இருந்தது. தமது தொழில் நுட்பத்தை மறைத்து வைக்காமல் அச்சிட்டு வெளியிட்டவர் என்பதனால், அமெரிக்க நாட்டார் கலை வரலாற்றில் இவருக்குத் தனி இடம் உண்டு.

இளமைக் காலம்

போர்ட்டர் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வெஸ்ட் பாக்ஸ்ஃபோர்டு என்னும் ஊரில் ஓர் உழவர் குடும்பத்தில் பிறந்தார். இவரது சிறு வயதில் குடும்பம் வடக்கே, இன்றைய மேய்ன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்போது மேய்ன் தனி மாநிலமாக இருக்கவில்லை. மாசச்சூசெட்சின் ஒரு பகுதியாகவே இருந்தது. அங்குள்ள ஃபிரைபர்க் கல்விக்கழகத்தில் சில மாதங்கள் படித்ததே இவர் பெற்ற முறையான கல்வி. செருப்புத் தைக்கும் தொழிலைப் பழக அனுப்பப்பட்டார். அது பிடிக்காமல் போர்ட்லாந்து நகரை அடைந்து, படையணிகளுக்குக் குழல் ஊதியும் நடன விருந்துகளில் வயலின் வாசித்தும் பிழைத்தார்.

1810 அளவில் போர்ட்லாந்தில் வீட்டுக்கும் பெயர்ப்பலகைக்கும் வண்ணம் பூசும் ஒருவரிடம் தொழில் பழகுநராகச் சேர்ந்தார். பிற்காலத்தில் இவர் செய்த வேலை முழுவதற்கும் இதுவே அடித்தளம். ஓவியப் பள்ளி எதிலும் இவர் பயிலவில்லை. சுவரை எப்படிப் பதப்படுத்துவது, வண்ணத்தை எந்தப் பசையில் குழைப்பது, ஒரு நாளில் எவ்வளவு பரப்பை முடிக்கலாம் என்பனவற்றையே முதலில் கற்றார். பிரித்தானியாவுடனான 1812 ஆம் ஆண்டுப் போரின்போது பீரங்கிப் படகுகளுக்கு வண்ணம் பூசினார். படையில் முரசும் அடித்தார். 1815 இல் யூனிஸ் டுவாம்பிளி என்பவரை மணந்தார். இவர்களுக்குப் பத்துப் பிள்ளைகள் பிறந்தனர். யூனிஸ் 1848 இல் இறந்தபின் மறுமணம் செய்துகொண்டார். அம்மணத்தின்வழி மேலும் ஆறு பிள்ளைகள்.

ஊர்சுற்றும் உருவப்பட ஓவியர்

1820 ஐ ஒட்டிய ஆண்டுகளில் போர்ட்டர் உருவப்படம் வரைபவராக ஊர்களைச் சுற்றத் தொடங்கினார். வில்லையும் கண்ணாடியும் பொருத்திய இருட்டுப்பெட்டி ஒன்றைப் பயன்படுத்தி, எதிரே அமர்ந்திருப்பவரின் உருவத்தைத் தாளில் விழச்செய்து அதன் கோடுகளைத் தடம்பிடித்து வரைவது இவரது முறை. ஒளிப்படக்கலை வருவதற்கு முந்தைய காலத்தில் இது சிற்றூர் மக்களுக்குப் பெரும் வியப்பாக இருந்திருக்கும். இவர் அச்சிட்டு வழங்கிய விளம்பரத் தாளில் விலைகள் தரப்பட்டுள்ளன: கத்தரித்த நிழலுருப் படம் 20 சென்ட், வண்ணம் தீட்டிய பக்கத் தோற்றம் 2 டாலர், முகப்புத் தோற்றம் 3 டாலர், தந்தத்தின்மீது வரைந்த சிற்றோவியம் 8 டாலர். ஒரே வேலைக்கு நான்கு தரம், நான்கு விலை. வாங்குவோர் யாரும் வெறுங்கையுடன் திரும்பிவிடக் கூடாது என்பதில் இவர் கவனமாக இருந்தது இதிலிருந்து தெரிகிறது.

சுவரோவியப் பணி

1824 அளவில் இவர் சுவரோவியத்துக்கு மாறினார். அக்காலத்தில் வசதி படைத்த அமெரிக்க வீடுகளில் பிரான்சிலிருந்து வரும் காட்சிச் சுவர்த்தாள்கள் பெரும் மதிப்புப் பெற்றிருந்தன. சூபர், டூஃபூர் ஆகிய நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான மர அச்சுக்களைக் கொண்டு அச்சிட்ட இத்தாள்களை ஒட்டினால், அறையின் நான்கு சுவர்களிலும் தொடர்ச்சியான நிலக்காட்சி ஒன்று விரியும். அவற்றின் விலையோ உழவர்களும் சிற்றூர் மருத்துவர்களும் விடுதி நடத்துவோரும் எட்டக்கூடியதாக இல்லை. அதே தோற்றத்தை உள்ளூரில், குறைந்த செலவில், நேரடியாகச் சுவரிலேயே தர முடியும் என்பதே போர்ட்டர் கண்ட வாய்ப்பு. ஓர் அறையின் நான்கு சுவர்களையும் ஐந்து மணி நேரத்தில், பத்து டாலர் செலவில் முடித்துவிடலாம் என்று இவர் எழுதியுள்ளார்.

இவ்வளவு விரைவு எப்படி இயன்றது என்பதை இவரே விளக்கியிருக்கிறார். 1825 இல் நியூ ஹாம்ப்சயர் மாநிலத்தின் கான்கார்டு நகரில் இவர் வெளியிட்ட, பயனுள்ள விந்தைக் கலைகளைப் பற்றிய கைந்நூலில் சுவரில் நிலக்காட்சி வரையும் முறை படிப்படியாகத் தரப்பட்டுள்ளது. மெருகெண்ணெய் காய்ச்சுவது, கண்ணாடியில் பொன்மெருகிடுவது, சாதாரண மரத்தை உயர்ந்த மரம்போலக் காட்டும் வண்ணப்பூச்சு முதலியவையும் அந்நூலில் உள்ளன. அவற்றுட் பல முந்தைய கைந்நூல்களிலிருந்து எடுத்துத் தொகுக்கப்பட்டவை. சுவரோவியம் பற்றிய பகுதியோ தொழிலைக் கையால் செய்தவரின் எழுத்து என்பது படித்த அளவிலேயே புலப்படும்.

முறை இதுதான். ஒரு காலன் நீரில் அரை இறாத்தல் வச்சிரப் பசையைக் கரைத்து, அந்நீரிலேயே எல்லா வண்ணங்களையும் குழைக்க வேண்டும். நம் நாட்டில் டிஸ்டெம்பர் என வழங்கும் பூச்சின் பழைய வடிவம் இது. ஈரச்சாந்தின்மீது வரைய வேண்டிய கட்டாயம் இல்லை. காய்ந்த சாந்துச் சுவரே போதுமானது. அறையைச் சுற்றி ஏறக்குறைய மார்பளவு உயரத்தில் ஒரு கோடு இழுக்க வேண்டும், அதுவே தொடுவானம். மேலிருந்து தொடுவானத்துக்கு ஆறு அங்குலம் வரை வான்நீலமும், எஞ்சிய ஆறு அங்குலத்தில் வெண்சுண்ணத்துடன் சிறிது ஈயச் செந்தூரமும் மஞ்சட்காவியும் கலந்த இளஞ்செம்மையும் பூசப்படும். இரண்டும் ஈரமாக இருக்கும்போதே அவற்றைத் தூரிகையால் ஓரளவு கலந்துவிட்டால் விடியற்கால வானம் கிடைத்துவிடும். அதே செம்மையைப் பெரிய தூரிகையால் நீலத்தின்மீது அடித்தால் மேகங்கள்.

அடுத்து வருவதே இம்முறையின் திறவுகோல். நீர்ப்பரப்புக்கும் தொலைமலைகளுக்கும் புதிதாக வண்ணம் கூட்ட வேண்டியதில்லை. எஞ்சியிருக்கும் வான்நீலத்திலேயே நீலத்தை ஓரிரு படி கூட்டினால் ஆறும் ஏரியும். பச்சையை ஒரு படி கூட்டினால் தொலைவிலுள்ள மலை. இரண்டு படி கூட்டினால் சற்று அருகிலுள்ள குன்று. இவ்வாறு அருகே வர வர வண்ணம் அடர்ந்துகொண்டே வரும். தொலைவில் உள்ளவை வெளிறித் தெரியும் என்னும் ஓவிய இலக்கணம் இங்கே ஒரு வாளி வண்ணத்தைப் படிப்படியாக மாற்றும் வேலையாகிவிடுகிறது. வீடுகளையும் கப்பல்களையும் வரைய வெட்டிய அச்சுத்தாள்களைப் (ஸ்டென்சில்) பயன்படுத்தினார். இலைக் கொத்துக்களுக்குத் தக்கையை வண்ணத்தில் தோய்த்து ஒற்றுவதும் உண்டு.

இவர் சுவர்களில் இத்தாலிய இடிபாடுகளோ கிரேக்கக் கோயில்களோ இல்லை. அமெரிக்கப் பண்ணைகளே வரைவதற்கு ஏற்றவை என்பது இவர் கருத்து. வெள்ளை வீடுகள், வேலி கட்டிய வயல்கள், அணிவகுத்துச் செல்லும் ஊர்ப்படை, கப்பல்கள் நிற்கும் துறைமுகம் ஆகியவை அடிக்கடி வருகின்றன. துறைமுகக் காட்சிகளில் போர்ட்லாந்தின் சாயல் காணப்படுகிறது. குன்றின்மேல் 1807 இல் கட்டப்பட்ட அந்நகரின் காட்சிக்கோபுரமும் சிலவற்றில் உண்டு. முன்புறத்தில் பெரிய மரம் ஒன்று தரையிலிருந்து கூரை வரை எழுந்து நிற்பதும், படிக்கட்டுச் சுவர்களில் மரங்கள் படிகளோடு சேர்ந்து ஏறிச் செல்வதும் இவரது தனி அடையாளங்கள். சில காட்சிகளில் வெப்ப மண்டல மரங்களும் வருகின்றன. இவர் இளமையில் ஹவாய் வரை கடற்பயணம் செய்தார் என்னும் கூற்றோடு இவற்றை இணைப்பவர்கள் உண்டு. அப்பயணத்துக்கான சான்று வலுவானதன்று.

இதழாசிரியரும் கண்டுபிடிப்பாளரும்

1840 களில் போர்ட்டர் இதழ்த்துறைக்கு வந்தார். 1841 இல் நியூ யார்க் மெக்கானிக் என்னும் வார இதழை நடத்தினார். 1845 ஆகஸ்ட் 28 அன்று சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழின் முதல் எண் வெளிவந்தது. புதிய இயந்திரங்களையும் காப்புரிமைகளையும் பற்றிய செய்திகளுக்கிடையே, ஓவியக் கலை குறித்த தொடர் ஒன்றையும் அதில் எழுதினார். வீட்டுச் சுவரில் நிலக்காட்சி வரைதல் அங்கே மீண்டும் விரிவாக விளக்கப்பட்டது. 1846 இல் ஆர்சன் மன், ஆல்பிரட் பீச் ஆகியோருக்கு இதழை விற்றுவிட்டார். அவர்கள் கையில் அது வளர்ந்து, இன்றளவும் வெளிவருகிறது. போர்ட்டர் எதிலும் நிலைத்து நின்று பொருள் சேர்த்தவரல்லர்.

இவரது பெருங்கனவு வான்கப்பல். ஹைட்ரஜன் நிரப்பிய நீண்ட பையின் கீழ் நீராவிப் பொறியைப் பொருத்தி, பயணிகளை நியூ யார்க்கிலிருந்து கலிபோர்னியாவுக்கு மூன்று நாளில் கொண்டுசெல்லலாம் என்று 1849 இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கலிபோர்னியாவில் பொன் கிடைப்பதறிந்து மக்கள் அங்கு விரைந்துகொண்டிருந்த ஆண்டு அது. சிறு மாதிரிகளைப் பொதுமக்கள் முன்னிலையில் பறக்கவிட்டுக் காட்டினார். முழு அளவிலான கப்பலைக் கட்டிமுடிக்கப் பணமும் வாய்ப்பும் அமையவில்லை. 1852 இல் பிரான்சில் ஆன்றி ஷிஃபார் நீராவியால் இயங்கும் வான்கப்பலில் பறந்து காட்டினார். போர்ட்டர் தமது 92 ஆவது வயதில் கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவனில் காலமானார்.

யார் வரைந்தது என்னும் சிக்கல்

போர்ட்டர் தம் சுவர்களில் பெயர் இடும் வழக்கம் உடையவரல்லர். மாசச்சூசெட்சின் வெஸ்ட்வுட் ஊரில் மருத்துவர் ஒருவரின் வீட்டில் 1838 ஆம் ஆண்டுடன் இவர் பெயர் காணப்படுவது அரிய விதிவிலக்கு. பின்வந்த தலைமுறைகளுக்கு இக்காட்சிகள் பழம்பாணியாகத் தோன்றின. பல சுவர்களில் தாள் ஒட்டப்பட்டது; சிலவற்றின்மீது வெள்ளையடிக்கப்பட்டது; சில வீடுகள் இடிக்கப்பட்டன. வரைந்தவர் யார் என்பதே மறந்துபோயிற்று.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நாட்டார் கலை ஆய்வாளரான ஜீன் லிப்மன் இச்சுவர்களைத் தேடித் தொகுத்தார். 1968 இல் போர்ட்டரின் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அச்சிட்ட செய்முறையோடு சுவர்களை ஒப்பிட்டு நோக்கியது அடையாளம் காண உதவியது. ஆனால் அதே செய்முறை இடரையும் தந்தது. நூலைப் படித்த எவரும் அவ்வாறே வரைந்திருக்கலாம் அல்லவா? போர்ட்டரின் மருமகன் முறையினரான ஜொனதன் புவர் இவரோடு இணைந்தும் தனித்தும் பணியாற்றியவர். மேய்னில் அவர் பெயரிட்ட சுவர்கள் உள்ளன. ஒரிசன் வுட் போன்ற வேறு சிலரும் இதே பாணியில் வரைந்தனர். முன்பு போர்ட்டருடையவை எனக் கொள்ளப்பட்ட சில சுவர்கள் பின்னர் இவர்களுக்கு உரியனவாகக் கருதப்பட்டன. 2011 இல் வெளிவந்த லிண்டா லெஃப்கோ, ஜேன் ராட்கிளிஃப் ஆகியோரின் நூல் இச்சுவர்கள் அனைத்தையும் போர்ட்டர் மரபு என்னும் பொதுப்பெயரின் கீழ் ஆராய்கிறது. கைவேலையின் தனித்தன்மையைக் காட்டிலும் முறையின் எளிமையை உயர்வாகக் கருதிய ஒருவருக்கு இப்பெயர் பொருத்தமாகவே உள்ளது.

மேய்ன் மாநிலத்தின் பிரிட்ஜ்டன் ஊரில் 2005 இல் இவர் பெயரில் அருங்காட்சியகம் ஒன்று நிறுவப்பட்டது. வெஸ்ட்வுட் வீட்டுச் சுவர்கள் சாந்தோடு பெயர்க்கப்பட்டு அங்கு சேர்க்கப்பட்டுள்ளன. நியூ இங்கிலாந்தில் பழைய வீடுகளைச் செப்பனிடும்போது, பல அடுக்குச் சுவர்த்தாளை உரித்தபின் நீல வானமும் நெடுமரங்களும் வெளிப்படுவது இக்காலத்திலும் நிகழ்ந்துள்ளது.