அண்ணலும் பம்பாய் வடக்குத் தொகுதியும்

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் மகாத் குளத்தையும், வட்டமேசை மாநாட்டையும், அரசியல் சட்டத்தையும், நாகபுரித் தீட்சையையும் விரிவாக எழுதுகின்றனர். 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அவர் பம்பாய் நகரில் தோல்வியுற்றதை மட்டும் ஒரே வாக்கியத்தில் கடந்து செல்கின்றனர். தலைவரின் தோல்வியைப் பேசுவது அவருக்குக் குறைவு என்னும் எண்ணமே இதற்குக் காரணமாதல் கூடும். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தத் தோல்வி எவ்வாறு நேர்ந்தது என்பதை அறியாதவன் கூட்டுத் தொகுதி, தனித் தொகுதி, இடஒதுக்கீடு என்னும் சொற்களின் முழுப் பொருளை அறிய மாட்டான். ஆதலின் இம்மலரில் அண்ணலின் வாழ்வை அந்த நகரத்தோடும் அந்தத் தொகுதியோடும் இணைத்துச் சொல்ல விழைகின்றோம்.

அண்ணல் 1891 ஏப்ரல் 14-இல் மகவ் படைக்குடியிருப்பில் பிறந்தார். தந்தையார் ராம்ஜி சக்பால் படையில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பம் சதாராவினின்றும் பம்பாய்க்குப் பெயர்ந்தபோது பரேல் பகுதியில் தபக் சால் எனப்பட்ட தொழிலாளர் குடியிருப்பில் ஓர் அறையே அவர்களுக்குக் கிடைத்தது. அடுப்பும் விறகும் பாத்திரமும் படுக்கையும் அந்த ஓர் அறைக்குள்தான். மாணவர் முன்னிரவில் உறங்கச் செல்வார். தந்தையார் விழித்திருந்து இரண்டாம் சாமம் கடந்த பின்னர் எழுப்பி விடுவார். ஊர் உறங்கும் அந்நேரத்தில் படிப்பு நடக்கும். எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் பயின்று 1907-இல் மெட்ரிகுலேஷன் தேறினார், 1912-இல் பி.ஏ. பட்டம் பெற்றார். பரோடா மன்னரின் உதவித் தொகையால் 1913-இல் நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக் கழகம் சென்றதும், பின்னர் லண்டனில் பயின்று 1923-இல் டி.எஸ்ஸி. பட்டம் பெற்றதும், பாரிஸ்டர் ஆனதும் நம் இளைஞர் நன்கறிந்தவை. அத்தனை பட்டங்களுடன் அவர் திரும்பி வந்து வாழ்ந்ததும் அதே பரேல் பகுதியின் சால் ஒன்றில்தான் என்பதை இங்குக் குறித்துக் கொள்ள வேண்டும். தாதரில் ராஜகிருகம் என்னும் இல்லத்தை நூல்களுக்காகவே கட்டியது 1930-களில்.

பரேல், லால்பாக், வொர்லி, நய்காவ் ஆகியவை அந்நாளில் பஞ்சாலைகளின் உலகம். சங்கு ஊதினால் எழுந்து சங்கு ஊதினால் உறங்கிய மக்கள் அங்கு வாழ்ந்தனர். கொங்கணத்திலிருந்தும் தக்காணத்திலிருந்தும் வந்த மகர் இனத்தார் பல்லாயிரவர் ஆலைகளில் வேலை செய்தனர். ஆயின் கூலி மிகுந்த நெசவுப் பிரிவில் அவர்களுக்கு இடமில்லை. ஓடத்தில் நூல் கோக்கும் தொழிலாளி அந்நாளில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டும். தீண்டத்தகாதவன் வாய்பட்ட ஓடத்தை மற்றவன் தொட மறுத்தான். 1928-ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்தின்போது அண்ணல் இந்தக் கேள்வியைத் தொழிற்சங்கத் தலைவர்கள்முன் எழுப்பினார். முதலாளியிடம் நீதி கேட்போர் தம்முள் நீதி செய்து கொண்டனரா என்பதே அவர் கேட்டதன் சாரம்.

வாக்குரிமை பற்றிய அவருடைய எண்ணம் நெடுங்காலத்தது. 1919-இல் சவுத்பரோ குழுவின்முன் சாட்சியம் அளித்தபோதே தாழ்த்தப்பட்டோருக்கு வாக்குரிமையின் தகுதியைத் தளர்த்த வேண்டும் என்றார். 1927 முதல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் நியமன உறுப்பினராக இருந்தார். சைமன் குழுவின்முன் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும் என வாதாடினார். வட்டமேசை மாநாட்டில் நம் இரட்டைமலை சீனிவாசனாருடன் அமர்ந்து தனித் தொகுதி கேட்டார்.

1932 ஆகஸ்டில் வெளிவந்த வகுப்புவாரித் தீர்ப்பு நம்மவர்க்கு இரு வாக்குகளை அளித்தது. ஒன்று, நம்மவர் மட்டுமே வாக்களித்து நம்மவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்க; மற்றொன்று, பொதுத் தொகுதியில் பிறரோடு சேர்ந்து வாக்களிக்க. காந்தியடிகளின் உண்ணாநோன்பும் செப்டம்பர் 24-இல் கையெழுத்தான புனா உடன்படிக்கையும் இதனை மாற்றின. மாகாணச் சட்டமன்றங்களில் நமக்குரிய இடங்கள் 148 ஆயின; ஆனால் அவ்விடங்களுக்கு வருவோரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் முடிவில் எல்லா வகுப்பாரும் சேர்ந்த கூட்டுத் தொகுதிக்குச் சென்றது. இடங்கள் பெருகின; சாவி கைமாறியது. இருபது ஆண்டுகள் கழித்து இதன் விளைவு அண்ணலின் வாசலுக்கே வந்தது.

இடையில் 1937-ஆம் ஆண்டுத் தேர்தலைச் சொல்லாமல் மேலே செல்லுதல் இயலாது. முந்திய ஆண்டில் அண்ணல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்திருந்தார். பம்பாய் நகரின் பைகுல்லா-பரேல் தொகுதியில் அவரே நின்றார். காங்கிரஸ் அவருக்கு எதிரே நிறுத்தியவர் பல்வங்கர் பாலு. இளைஞர்களில் பலர் இப்பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். சாமர் இனத்தில் பிறந்து, இடக்கைச் சுழற்பந்து வீச்சில் நாடெங்கும் புகழ் பெற்று, 1911-இல் இந்திய அணியுடன் இங்கிலாந்து சென்று வந்த மாபெரும் ஆட்டக்காரர். புனா உடன்படிக்கையில் கையொப்பமிட்டவர்களுள் ஒருவர். ஆட்டத்தின் இடைவேளையில் தனிக் கோப்பையில் தேநீர் அருந்த நேர்ந்தவர் அவர். அத்தகையவரைப் பகைவராகக் கருத அண்ணலுக்கும் மனம் இருந்திராது. ஒடுக்கப்பட்டவரை எதிர்க்க ஒடுக்கப்பட்டவரையே நிறுத்தும் வழக்கம் அன்றே தொடங்கி விட்டது என்பதே நாம் காண வேண்டியது. அண்ணல் 13,245 வாக்குகள் பெற்றார். பாலு 11,225 பெற்றார்.

சொத்தும் வரியும் கல்வியும் பார்த்து வாக்குரிமை அளித்த அக்காலத்தில் இவ்வெற்றி எளிதன்று. அதற்கு உதவிய ஒரு விதியை மறத்தல் ஆகாது. பம்பாய் மாகாணத்தில் பல உறுப்பினர் தொகுதியின் வாக்காளர் தம் வாக்குகள் அனைத்தையும் ஒரே வேட்பாளருக்குக் குவித்து அளிக்கலாம் என இருந்தது. சிறுபான்மையினர் தம் முழு வலிமையையும் ஓரிடத்தில் சேர்த்துக் காட்ட இயன்றது. மறு ஆண்டில், 1938 நவம்பர் 7-இல், தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த வேலைநிறுத்தத்தில் அண்ணலும் பொதுவுடைமைத் தலைவர் டாங்கேயும் ஒரே அணியில் நின்றனர். டாங்கேயின் பெயரை நினைவில் வைத்துக் கொள்க; அது மீண்டும் வரும்.

1942 ஜூலையில் நாகபுரி மாநாட்டில் பட்டியல் வகுப்பார் கூட்டமைப்பு தோன்றியது. நம் முதியோர் இன்றும் பெடரேஷன் என்றே அதனைச் சொல்லுவர். அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையின் என். சிவராஜ் என்பது நமக்குப் பெருமை. 1946-இல் பெடரேஷன் வீழ்ச்சி கண்டது. அண்ணல் வங்காளத்திலிருந்து ஜோகேந்திரநாத் மண்டல் முதலியோரின் ஆதரவால் அரசியல் நிர்ணய சபைக்குள் நுழைந்தார். பிரிவினையால் அந்த இடம் போகவே 1947 ஜூலையில் பம்பாயிலிருந்து மீண்டும் தேர்வானார். வரைவுக் குழுத் தலைவராக அவர் ஆற்றிய பணியை ஈண்டு விரிக்க வேண்டியதில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை என்று அவர் கேட்டு வந்தது 326-ஆம் பிரிவாக எழுந்து நின்றது.

இந்து சட்டத் தொகுப்பு மசோதா கைவிடப்பட்டதனால் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியைத் துறந்த அண்ணல், நவம்பரில் பம்பாய் வந்து தேர்தல் களத்தில் இறங்கினார். உடல்நிலை அப்போதே நலிந்திருந்தது. நீரிழிவும் கால் வலியும் வருத்தின. பம்பாய் வடக்கு இரு உறுப்பினர் தொகுதி; ஒன்று பொது இடம், மற்றொன்று ஒதுக்கப்பட்ட இடம். பெடரேஷனும் சோஷலிஸ்ட் கட்சியும் உடன்பாடு கொண்டன. பொது இடத்துக்கு அசோக் மேத்தா, ஒதுக்கிய இடத்துக்கு அண்ணல். காங்கிரஸ் சார்பில் விட்டல் பாலகிருஷ்ண காந்தியும் நாராயண் சதோபா கஜ்ரோல்கரும் நின்றனர். கம்யூனிஸ்ட் கட்சிக்கு டாங்கே.

இரட்டைத் தொகுதி என்பது பள்ளிக் குடிமையியலில் இரண்டு வரியில் முடிந்து விடும் செய்தி. எனவே அதன் நடைமுறையைச் சற்று நின்று காண்போம். ஒவ்வொரு வாக்காளருக்கும், எந்த வகுப்பினராயினும், இரண்டு வாக்குகள். ஆனால் 1937-ஐப் போல இரண்டையும் ஒருவருக்கே அளித்தல் இயலாது. ஒரு வேட்பாளருக்கு ஒரு வாக்குத்தான். அத்தேர்தலில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. பெடரேஷனின் சின்னம் யானை. எழுத்தறியாத அன்னை ஒருத்தி அண்ணல்மேல் கொண்ட அன்பினால் தன் இரு சீட்டுகளையும் யானைப் பெட்டியிலேயே இட்டாளாயின், ஒன்று எண்ணப்படும், மற்றொன்று தள்ளப்படும். எண்ணும்போது பட்டியல் வகுப்பு வேட்பாளர்களுள் மிகுதியான வாக்குப் பெற்றவருக்கு முதலில் ஒதுக்கிய இடம். பிறகு எஞ்சிய எல்லாருள்ளும் மிகுதி பெற்றவருக்கு மற்றோர் இடம்.

இதன் பொருள் என்ன? ஒதுக்கிய இடத்தில் யார் அமர்வது என்பதை நம்மவர் வாக்கு மட்டும் தீர்மானிப்பதில்லை. தொகுதியில் பெரும்பான்மையான ஏனைய வகுப்பாரின் இரண்டாம் வாக்கு எங்கே செல்கிறதோ அங்கே வெற்றி செல்லும். காங்கிரஸ் வாக்காளன் தன் இரண்டாம் சீட்டைத் தயக்கமின்றிக் கஜ்ரோல்கருக்கு இட்டான். டாங்கேயின் வாக்காளன் தன் இரண்டாம் சீட்டை அண்ணலுக்கு இடவில்லை. கஜ்ரோல்கர் 1,38,137, அண்ணல் 1,23,576. வேறுபாடு 14,561. தள்ளுபடியான சீட்டுகளோ 70,000-க்கும் மேல். இரண்டாம் வாக்கை வீணாக்குமாறு டாங்கே அணியினர் பிரசாரம் செய்தனர் என்று அண்ணலும் அசோக் மேத்தாவும் தேர்தல் வழக்குத் தொடர்ந்தனர். அது அவ்வாண்டே தள்ளுபடி செய்யப்பட்டது.

அண்ணலை அவருடைய மக்களே தோற்கடித்தனர் என்று மேடைகளில் எளிதாகச் சொல்லி விடுகின்றனர். அது பிழை என்பதே நம் முடிவு. 1,23,576 பேர் அவருக்கு வாக்களித்தனர். அந்த ஆலைப் பகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. அவர்களுடைய வாக்கால் மட்டும் வெல்ல இயலாத அமைப்பினுள் அவர் நின்றார். கஜ்ரோல்கரைத் தூற்றுவதும் பயனற்றது. சட்டம் வகுத்த வழியில்தான் அவர் வென்றார். வழியைத்தான் நாம் ஆராய வேண்டும். அதே ஆண்டில் பெடரேஷன் ஷோலாப்பூரில் ராஜ்போஜையும், ஐதராபாத் மாநிலத்துக் கரீம்நகரில் எம். ஆர். கிருஷ்ணாவையும் மக்களவைக்கு அனுப்பியது. எனவே யானைக்கு எங்குமே வாக்கில்லை என்பதும் உண்மையன்று.

பம்பாய்ச் சட்டமன்றம் அண்ணலை 1952-இல் மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுத்தது. ஆயினும் மக்களின் நேர் வாக்கால் மக்களவை செல்ல வேண்டும் என்னும் விருப்பம் அவரை விடவில்லை. 1954 மே மாதம் பண்டாராவில் இடைத்தேர்தல். அதுவும் இரட்டைத் தொகுதியே. மீண்டும் அசோக் மேத்தாவுடன் உடன்பாடு. அங்கே நிகழ்ந்த ஒன்றை நம் இளைஞர் கட்டாயம் அறிய வேண்டும். பம்பாயில் பட்ட அடியை மறவாத தொண்டர்கள், நம்மவர் தம் இரண்டாம் வாக்கை யாருக்கும் அளியாமல் வீணாக்கி விட்டால் எதிரியின் கணக்குக் குறையும் என்று வழி சொன்னார்கள். தந்திரம் என்னும் அளவில் அது தவறாகாது, கணக்கும் சரியே. அண்ணல் மறுத்து விட்டார். வாக்குரிமையை வகுத்தவர் வாக்கை எரிக்கச் சொல்லுதல் ஆகாது, தோற்றாலும் தோற்கட்டும் என்பது அவருடைய நிலை. தொண்டர்கள் அவ்வண்ணமே இரு வாக்குகளையும் செலுத்தினர். அசோக் மேத்தா பொது இடத்தில் வென்றார். அண்ணல் எண்ணாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் காங்கிரஸின் போர்க்கரிடம் தோற்றார். நம்மவர் வாக்கு நண்பருக்குச் சென்றது. நண்பரின் ஆதரவாளர் வாக்கு முழுதும் நம்மவருக்கு வரவில்லை. கூட்டணி பேசுவோர் அந்நாளிலும் இந்நாளிலும் முதலில் பார்க்க வேண்டிய கணக்கு இதுவே.

1955 ஆகஸ்டில் பெடரேஷனின் செயற்குழு, சட்டமன்றங்களிலும் மக்களவையிலும் உள்ள ஒதுக்கீட்டு இடங்களை நீக்க வேண்டும் எனத் தீர்மானித்தது. கல்வியிலும் பணியிலும் உள்ள ஒதுக்கீட்டோடு இதனைக் குழப்பிக் கொள்ளுதல் கூடாது. பிறர் தேர்ந்தெடுக்கும் நம் பிரதிநிதி நம் பிரதிநிதியாக இருப்பதில்லை என்னும் 1932-ஆம் ஆண்டின் அச்சம் இரு தேர்தல்களில் மெய்யானதன் பின் எழுந்த தீர்மானம் அது. அது சரியா என்பதில் நம்முள் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. ஒதுக்கீடு இல்லையெனில் பல ஊர்களில் நம்மவரை வேட்பாளராகவே எக்கட்சியும் நிறுத்தாது என்பதும் கண்கூடு.

1956 டிசம்பர் 6-இல் அண்ணல் டில்லியில் மறைந்தார். உடல் பம்பாய்க்கு வந்தது. ஆலைகளின் மக்கள் திரண்டு தாதர் கடற்கரைவரை உடன் நடந்தனர். மறுநாள் அங்கே தகனம் நிகழ்ந்தது.

மூன்று திங்கள் கழிந்து இரண்டாம் பொதுத் தேர்தல் வந்தது. தொகுதிகள் திருத்தி அமைக்கப்பட்டிருந்தன. பம்பாய் மத்தி இம்முறை இரட்டைத் தொகுதி. மராத்தி பேசுவோருக்குத் தனி மாநிலம் கோரிய சம்யுக்த மகாராஷ்டிர சமிதியில் பெடரேஷனும் கம்யூனிஸ்ட் கட்சியும் ஒன்றாக நின்றன. பொது இடத்துக்கு டாங்கே. ஒதுக்கிய இடத்துக்குப் பெடரேஷனின் கோபால் காலுஜி மானே. ஐந்தாண்டுகளுக்கு முன்னர் வாராதிருந்த இரண்டாம் வாக்கு இம்முறை வந்தது. இருவரும் வென்றனர். நாசிக்கில் தாதாசாகேப் கெய்க்வாட் வென்றார். இங்கே செங்கற்பட்டிலிருந்து, நாகபுரியில் 1942-இல் தலைமை தாங்கிய அதே சிவராஜ் மக்களவைக்குச் சென்றார். அவ்வாண்டு அக்டோபரில் தோன்றிய இந்தியக் குடியரசுக் கட்சிக்கு அவரே முதல் தலைவரானார். இரட்டைத் தொகுதிகளை ஒழிக்கும் சட்டம் 1961-இல் வந்தபோது அவர் அந்த அவையில் உறுப்பினராக அமர்ந்திருந்தார்.