பெட்ரோல் பஞ்சத்தில் கரியில் ஓடிய பஸ்!

திருச்சி, ஸ்ரீரங்கம்வாசிகளுக்கு டி.வி.எஸ். டோல்கேட் தெரியும். அந்த டி.வி.எஸ். யார் தெரியுமா?

அவர்தான் டி.வி.சுந்தரம் அய்யங்கார். 1877-ல் நெல்லைச் சீமை திருக்குறுங்குடியில் பிறந்தவர். வக்கீல் தொழில், ரெயில்வே, பாங்கி எல்லாவற்றையும் பார்த்தார்; உதறினார். 1911-ல் மதுரையில் மோட்டார் தொழிலில் குதித்தார்.

பஸ் நிற்குமா?

இரண்டாம் உலகப்போர் வந்தது. பெட்ரோலுக்கு ரேஷன்! பஸ் நின்னுபோனால் டிரைவர், கண்டக்டர் பிழைப்பு என்னாவது? சந்தைக்குப் போகிறவர்கள் கதி?

அய்யங்கார் அசரவில்லை. கேஸ் பிளாண்ட் தயாரித்தார். அடுப்புக்கரியை காற்றைக் குறைத்து எரித்தால் ஒரு வாயு வரும். அதை வடிகட்டி என்ஜினுக்குள் விட்டால் வண்டி ஓடும். மேட்டில் திணறும்தான். ஆனாலும் ஊர் போய்ச் சேரும்!

லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது இன்றைய கணக்கு. பெட்ரோலே கிடைக்காதபோது பஸ்சை ஓடவைத்த அய்யங்கார், 1955-ல் கொடைக்கானலில் காலமானார்.